பிப்ரவரியை மறக்காத கடிகாரம்

ஒரு மாதத்துக்கு 30 நாளா, 31 நாளா என்ற சந்தேகம் வரும்போது நம்மில் பலர் இன்றும் கையை மடக்கி விரல் முட்டிகளின் மேல் எண்ணிப் பார்ப்போம். ஆள்காட்டி விரல் முட்டியில் ஜனவரி, அடுத்த பள்ளத்தில் பிப்ரவரி, நடுவிரல் முட்டியில் மார்ச் என்று தொடர்ந்து, சுண்டுவிரல் முட்டியில் ஜூலை முடிந்ததும் மறுபடி ஆள்காட்டி விரலுக்கே வந்து ஆகஸ்டைத் தொடங்க வேண்டும். மேட்டில் விழும் மாதத்துக்கு 31 நாள். பள்ளத்தில் விழும் மாதத்துக்கு அதைவிடக் குறைவு. 18-ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த கடிகாரக் கைவினைஞர்கள் சட்டைப்பையில் அடங்கும் ஒரு கடிகாரத்துக்குள் முழு நாட்காட்டியையும் எப்படிப் புகுத்தினார்கள் என்று புரிந்துகொள்ள விரும்புபவருக்கு, இந்தப் பள்ளிக்கூடத்துக் கணக்கைவிட நல்ல தொடக்கம் இருக்க முடியாது. ஏனென்றால் அவர்கள் செய்ததும் உலோகத்தில் மேடும் பள்ளமும் வெட்டியதுதான்.

மணி, நிமிடம், நொடி ஆகியவற்றுக்கு மேல் ஒரு கடிகாரம் கூடுதலாகச் செய்யும் எந்த வேலையையும் கடிகாரத் தொழிலில் 'காம்ப்ளிகேஷன்' என்று அழைக்கிறார்கள். அவற்றுள் நாட்காட்டி பழையவற்றைச் சேர்ந்தது. அதே நேரத்தில் ஒழுங்காகச் செய்வதற்கு மிகக் கடினமானவற்றுள் ஒன்று. எளிய நாட்காட்டிக் கடிகாரம் எல்லா மாதங்களுக்கும் 31 நாள் என்றே எண்ணும். ஆகவே பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பர் ஆகிய ஐந்து மாதங்களின் முடிவிலும் அதன் உரிமையாளர் கையால் திருத்த வேண்டியிருக்கும். 'நிரந்தர நாட்காட்டி' என்று பெயர் பெற்றது அப்படிப்பட்டதல்ல. 30 நாள் மாதங்கள் எவை, பிப்ரவரிக்கு எந்த ஆண்டில் 28 நாள், எந்த ஆண்டில் 29 நாள் என்பதை அது தானே அறிந்து, எவரும் தொடாமலேயே சரியான தேதிக்குத் தாவும். இந்த இரண்டுக்கும் நடுவில், பிப்ரவரி முடிவில் மட்டும் ஆண்டுக்கு ஒரு முறை திருத்தினால் போதும் என்ற வகையும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், இந்த இடைப்பட்ட வகை 1996-இல்தான் படேக் பிலிப் என்ற சுவிஸ் கடிகார நிறுவனத்தின் கைக்கடிகாரத்தில் வந்தது. கடினமானதைச் செய்து முடித்து இருநூறு ஆண்டுகளுக்கும் மேலான பிறகே எளிதானது யாருக்கோ தோன்றியிருக்கிறது!

நாட்காட்டி ஏன் இவ்வளவு கடினம்? கடிகாரத்தின் மற்ற கணக்குகள் எல்லாம் சீரானவை. 60 நொடிக்கு ஒரு நிமிடம், 60 நிமிடத்துக்கு ஒரு மணி என்பதில் எந்த நாளும் எந்த மாற்றமும் கிடையாது; ஆதலால் சரியான எண்ணிக்கையில் பற்கள் வெட்டிய சக்கரங்களை ஒன்றோடொன்று கோத்துவிட்டால் மீதியை அவையே பார்த்துக்கொள்ளும். மாதங்களின் நீளமோ அப்படி எந்தச் சீருக்கும் கட்டுப்பட்டதன்று. பூமி சூரியனைச் சுற்றிவர ஏறத்தாழ 365 நாளும் ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான பொழுதும் ஆகிறது என்பது மட்டுமே இயற்கை. அதைப் பன்னிரண்டாக வெட்டி, ஒன்றுக்கு 31, மற்றொன்றுக்கு 30, பாவப்பட்ட பிப்ரவரிக்கு 28 என்று பங்கு வைத்தது ரோமாபுரி. நான்கு ஆண்டுக்கு ஒரு நாளைக் கூட்டும் வழக்கம் ஜூலியஸ் சீசரின் சீர்திருத்தத்தோடு வந்தது. அந்தக் கணக்கு ஆண்டுக்குச் சுமார் 11 நிமிடம் அதிகமாக இருந்ததால், 1582-இல் போப் பதின்மூன்றாம் கிரகோரி பத்து நாள்களை நீக்கி, அக்டோபர் 4-க்கு மறுநாளை அக்டோபர் 15 என்று அறிவித்ததோடு, நூற்றாண்டு முடியும் ஆண்டு 400-ஆல் வகுபட்டால்தான் லீப் ஆண்டு என்ற விதியையும் சேர்த்தார். ஆகக் கடிகாரக்காரர் தம் பட்டறையில் பித்தளையிலும் எஃகிலும் வடிக்க வேண்டியிருந்தது, வானத்தின் ஒழுங்கோடு மனிதர்கள் எடுத்த முடிவுகளையும் சேர்த்துத்தான்.

பிரிட்டன் இந்தப் புதிய நாட்காட்டியை ஏற்றுக்கொள்ள 1752 வரை காத்திருந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 2 புதன்கிழமைக்கு மறுநாள் செப்டம்பர் 14 வியாழக்கிழமை ஆயிற்று. அதன் பிறகு சுமார் பத்தாண்டுகளில், லண்டனில் தொழில் நடத்திவந்த தாமஸ் மட்ஜ், நமக்குத் தெரிந்தவரை முதல் நிரந்தர நாட்காட்டிச் சட்டைப்பைக் கடிகாரத்தைச் செய்தார். அவர் செய்த இவ்வகைக் கடிகாரங்களில் ஒன்று இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிற்காலத்துக் கைக்கடிகாரங்களில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படையாக அமைந்த, சக்கரங்களைச் சீராக ஒவ்வொரு பல்லாகத் தடுத்து விடுவிக்கும் 'லீவர்' அமைப்பைக் கண்டுபிடித்தவரும் இதே மட்ஜ்தான் என்பதால், வரலாற்று நூல்கள் அவரை அதற்காகவே அதிகம் போற்றுகின்றன. எனக்கென்னவோ அவருடைய நாட்காட்டிக் கடிகாரத்துக்குக் கிடைக்க வேண்டிய புகழ் இன்னும் கிடைக்கவில்லை என்றே தோன்றுகிறது.

இனி உள்ளே போவோம். மட்ஜுக்குப் பின்வந்த கைவினைஞர்களிடம் வழிவழியாக நிலைபெற்ற அமைப்பையே இங்கே சொல்கிறேன். பட்டறைக்குப் பட்டறை சிறு வேறுபாடுகள் உண்டு. மணி முள் 12 மணி நேரத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றுவது நமக்குத் தெரியும். அந்த மணிச் சக்கரத்தோடு கோத்த மற்றொரு சக்கரம், இரு மடங்கு பற்கள் கொண்டதாக இருப்பதால், 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்று மட்டுமே சுற்றும். அதன்மேல் விரல் போன்ற ஒரு சிறு துண்டு பொருத்தப்பட்டிருக்கும். நள்ளிரவு நெருங்குகையில் அந்த விரல் ஒரு நீண்ட நெம்புகோலை மெல்லத் தள்ளத் தொடங்கும். அத்தொழிலில் இதற்குப் பெயரே 'பெரிய நெம்புகோல்' என்பதுதான். இந்த நெம்புகோலின் கொக்கி ஒன்று 7 பற்கள் கொண்ட கிழமைச் சக்கரத்தை ஒரு பல் நகர்த்தும். இன்னொன்று 31 பற்கள் கொண்ட தேதிச் சக்கரத்தை ஒரு பல் நகர்த்தும். தள்ளி முடித்த பிறகு நெம்புகோல் ஒரு வில்லின் இழுப்பால் பழைய இடத்துக்குத் திரும்பி, மறுநாள் இரவுவரை காத்திருக்கும். சாதாரண நாள்களில் நடப்பது இவ்வளவுதான்.

மாதக் கடைசியில்தான் சூட்சுமம் இருக்கிறது. நெம்புகோலின் மறுமுனையில் அலகு போன்ற ஒரு கூர்நுனி உண்டு. அது ஓய்வில் இருக்கும்போது ஒரு வட்டத் தட்டின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். அந்தத் தட்டின் விளிம்பு 48 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பகுதிக்கு ஒரு மாதம். 48 மாதம், அதாவது நான்கு ஆண்டு. தேதிச் சக்கரம் ஒரு சுற்று முடிக்கும் ஒவ்வொரு மாதமும் இந்தத் தட்டு ஒரு பகுதி நகரும். முழுச் சுற்றுச் சுற்றி முடிக்க நான்கு ஆண்டு ஆகும். நம் விரல் முட்டிக் கணக்கு இங்கேதான் உலோகமாகியிருக்கிறது. 31 நாள் மாதங்களுக்கு உரிய 28 இடங்கள் மேடாகவே விடப்பட்டிருக்கும். 30 நாள் மாதங்களுக்கு உரிய 16 இடங்களில் ஆழமில்லாத பள்ளம். சாதாரண ஆண்டுகளின் பிப்ரவரிக்கு உரிய மூன்று இடங்களில் எல்லாவற்றையும்விட ஆழமான பள்ளம். லீப் ஆண்டின் பிப்ரவரிக்கு மட்டும் அதைவிட ஒரு படி குறைந்த பள்ளம். கூட்டிப் பார்த்தால் 48 வந்துவிடும்.

பள்ளத்தில் அலகு விழுந்தால் என்ன ஆகும்? ஊஞ்சலைச் சற்றே பின்னுக்கு இழுத்துவிட்டால் சிறிதாகவும், நன்றாகப் பின்னுக்கு இழுத்துவிட்டால் பெரிதாகவும் வீசுகிறதல்லவா? நெம்புகோலும் அப்படித்தான். அலகு மேட்டில் நிற்கும் மாதங்களில் அது கொஞ்சமே பின்வாங்கும், கொஞ்சமே தள்ளும். பள்ளத்தில் விழுந்திருக்கும் மாதங்களில் அதிகம் பின்வாங்குவதால் அதன் வீச்சும் அதிகம். தேதிச் சக்கரத்தின்மேல் நத்தை ஓடு போலச் சுருண்டு, ஓரிடத்தில் மட்டும் படி வைத்த ஒரு தகடு இருக்கும். அதற்குத் தொழிலிலும் 'நத்தை' என்றே பெயர். நெம்புகோலில் உள்ள கூடுதல் கொக்கி ஒன்று அந்தப் படியைப் பிடிக்கக் காத்திருக்கும். மற்ற நாள்களில் படி அதற்கு எட்டாது. நெம்புகோல் பின்வாங்கிய தூரத்துக்கும் தேதிக்கும் பொருத்தம் வரும் அந்த ஓர் இரவில் மட்டுமே எட்டும்.

பிப்ரவரி 28-ஆம் தேதி இரவை எடுத்துக்கொள்வோம். ஆண்டு லீப் ஆண்டன்று. அலகு மிக ஆழமான பள்ளத்தின் அடியில் இருக்கிறது. ஆகவே கூடுதல் கொக்கி நத்தையின் படிக்குப் பின்னால் போய் விழுந்திருக்கிறது. இருபத்து நான்கு மணிச் சக்கரத்தின் விரல் நெம்புகோலைத் தள்ள, அந்தக் கொக்கி தேதிச் சக்கரத்தை 29, 30, 31 என்று மூன்று பல் நகர்த்திவிட, வழக்கமான கொக்கி நான்காவது பல்லை நகர்த்த, முள் 1-இல் வந்து நிற்கிறது. தேதிச் சக்கரத்தோடு மாதத் தட்டும் ஒரு பகுதி நகர்வதால் முகப்பில் மார்ச் தெரிகிறது. அலகு மீண்டும் மேட்டில் ஏறி நிற்கிறது. அதே கடிகாரத்தில் ஏப்ரல் 28 இரவு இப்படி எதுவும் நடக்காது. பள்ளம் ஆழமில்லாததால் கொக்கிக்குப் படி எட்டுவதில்லை. இரண்டு இரவு கழித்து 30-ஆம் தேதிதான் எட்டும். அப்போது முள் 31-ஐத் தாண்டி 1-க்குப் போகும். கணிப்பு, மின்சாரம், எண்கள் எதுவும் இல்லை. ஒரு தட்டின் ஓரத்தில் அரத்தால் ராவிய ஆழங்களுக்கு இடையே உள்ள மயிரிழை வேறுபாடுதான் இந்த நினைவாற்றல் முழுவதும். ராவும்போது கை ஒரு முறை தவறினால் நவம்பருக்கு 29 நாள் ஆகிவிடும்.

இதற்கு விலையும் உண்டு. ஒவ்வொரு சக்கரமும் தானாக நழுவிவிடாமல் ஒரு மெல்லிய வில் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். நெம்புகோல் அத்தனை வில்களையும் ஒரே நேரத்தில் மீறித் தள்ள வேண்டும். அதற்கான விசை, நேரம் காட்டும் சக்கரங்களுக்கு விசை கொடுக்கும் அதே சுருள்வில்லிலிருந்துதான் வரவேண்டும். மாதக் கடைசி இரவுகளில் கிழமை, தேதி, மாதம், நிலா எல்லாம் ஒன்றாக நகரும்போது, மோசமாகச் செய்த கடிகாரம் நேரத்திலேயே தடுமாறும். நாட்காட்டியைச் சேர்ப்பது எளிது, நேரத்தைக் கெடுக்காமல் சேர்ப்பதே திறமை என்பதற்கு இதுவே காரணம்.

'நிரந்தரம்' என்ற சொல்லைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். 48 மாதத் தட்டுக்கு நான்கு ஆண்டுக்கு ஒரு லீப் ஆண்டு என்ற சீசரின் விதி தெரியும்; நூற்றாண்டு பற்றி கிரகோரி சேர்த்த விதி தெரியாது. 1900 லீப் ஆண்டன்று. அந்த ஆண்டு பிப்ரவரி 28 நள்ளிரவில், ஓடிக்கொண்டிருந்த இவ்வகைக் கடிகாரங்கள் 29-ஐக் காட்டியிருக்கும். மறுநாள் அவற்றின் உரிமையாளர்கள் கையால் ஒரு நாள் தள்ளிவைத்திருப்பார்கள். 2000-ஆம் ஆண்டு 400-ஆல் வகுபடுவதால் தப்பித்தது. அடுத்த சோதனை 2100-இல் வரும். இந்தக் குறையையும் போக்கியே தீருவது என்று முனைந்தவர்கள் இருக்கிறார்கள்: 1989-இல் படேக் பிலிப் தன் 150-ஆம் ஆண்டுக்காக வெளியிட்ட, 1,728 பாகங்கள் கொண்ட 'காலிபர் 89' என்ற சட்டைப்பைக் கடிகாரத்தில் 400 ஆண்டுக்கு ஒரு சுற்றுச் சுற்றும் சக்கரம் ஒன்று உண்டு. அது ஒரு சுற்று முடிப்பதைப் பார்க்க யார் இருக்கப்போகிறார்கள் என்று கேட்கலாம்தான்.

நாட்காட்டியோடு பெரும்பாலும் சேர்ந்து வருவது நிலா. முகப்பில் உள்ள சிறு சாளரத்தின் பின்னால் ஒரு நீலத் தட்டு. அதில் எதிரெதிரே இரண்டு நிலாக்கள். தட்டின் அடியில் உள்ள சக்கரத்துக்கு 59 பற்கள், நாளொன்றுக்கு ஒரு பல். ஆக ஒரு நிலாவுக்கு 29½ நாள். அமாவாசைக்கு அமாவாசை உண்மையில் 29 நாள் 12 மணி 44 நிமிடம் ஆவதால், மாதத்துக்கு 44 நிமிடம் கடிகாரத்து நிலா முந்திக்கொள்ளும். ஏறத்தாழ இரண்டு ஆண்டு எட்டு மாதத்தில் அது ஒரு முழு நாளாகிவிடும். 135 பற்கள் கொண்ட சக்கரத்தைப் பயன்படுத்தினால் அதே ஒரு நாள் பிழை சேர 122 ஆண்டு ஆகும்.

இன்னும் அரிதானது சூரிய நேர வேறுபாடு. சூரியன் உச்சிக்கு வருவது தினமும் நம் கடிகாரத்தில் ஒரே நேரத்தில் நிகழ்வதில்லை. பூமியின் பாதை நீள்வட்டமாக இருப்பதாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும், பிப்ரவரி நடுவில் சூரியன் சுமார் 14 நிமிடம் பிந்தியும், நவம்பர் தொடக்கத்தில் சுமார் 16 நிமிடம் முந்தியும் வரும்; ஆண்டில் நான்கு நாள்கள் மட்டும் இரண்டும் ஒத்துப்போகும். இதைக் காட்டுவதற்கு ஆண்டுக்கு ஒரு முறை சுற்றும் ஒரு தகட்டை முந்திரிப்பருப்பின் வடிவத்தில் வெட்டி, அதன் விளிம்பில் ஒரு நுனியை ஓடவிடுவார்கள். நுனி ஏறி இறங்குவதற்கு ஏற்ப முகப்பில் உள்ள முள் முன்னும் பின்னும் போகும். மேடு பள்ளம் என்ற அதே உத்திதான். ஆனால் இந்த வளைவு எந்த மன்னனும் போப்பும் வகுத்ததன்று, வானமே வரைந்தது.

இதைப் படிக்கும் தமிழருக்கு, நம் சித்திரை வைகாசிக்கு இப்படி ஒரு கடிகாரம் செய்ய முடியாதா என்ற கேள்வி எழலாம். 48 மாதத் தட்டால் முடியாது. ஆனிக்குப் பெரும்பாலும் 32 நாள் வரும். மார்கழிக்கு 29-ம் உண்டு, 30-ம் உண்டு. சூரியன் அடுத்த ராசிக்குள் நுழைவது அன்றைய அஸ்தமனத்துக்கு முன்பா பின்பா என்பதைப் பொறுத்தே நம் மாதம் பிறப்பதால், ஒரே மாதத்தின் நீளம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். நான்கு ஆண்டில் திரும்பி வராத ஒன்றை நான்கு ஆண்டில் சுற்றும் தட்டில் வெட்டிவைக்க வழியில்லை.

இத்தகைய வேலைகள் எல்லாவற்றையும் ஒரே கூட்டுக்குள் அடக்கிய கடிகாரங்களில் மிகப் புகழ்பெற்றது, பாரிஸில் ஆபிரகாம் லூயி பிரெகே தொடங்கிய 160-ஆம் எண் கடிகாரம். பிரெஞ்சு அரசி மேரி அன்டாய்னெட்டுக்காக 1783-இல் அது கேட்கப்பட்டது. காலக்கெடு கிடையாது, செலவுக்கு வரம்பு கிடையாது, அன்றைக்கு அறிந்த எல்லாக் காம்ப்ளிகேஷன்களும் இருக்க வேண்டும், மற்ற உலோகங்களுக்குப் பதிலாக முடிந்த இடமெல்லாம் தங்கம் இருக்க வேண்டும். காலக்கெடு இல்லை என்ற நிபந்தனை மட்டும் அளவுக்கு மீறிப் பலித்துவிட்டது. 1793-இல் அரசி கில்லட்டினில் தலையிழந்தாள். 1823-இல் பிரெகேயும் இறந்தார். அவருடைய பட்டறை அதை முடித்தது 1827-இல். 63 மில்லிமீட்டர் அகலத்துக்குள் 823 பாகங்கள்: நிரந்தர நாட்காட்டி, சூரிய நேர வேறுபாடு, இருட்டிலும் நேரம் அறிய மணி, கால்மணி, நிமிடம் வரை ஒலித்துச் சொல்லும் ரிப்பீட்டர், வெப்பமானி, நடக்கும்போது தானே சாவி ஏறும் அமைப்பு. முகப்புக்குக் கண்ணாடி போன்ற ஸ்படிகம் போட்டதால் இத்தனையும் இயங்குவதை வெளியிலிருந்தே பார்க்கலாம். பிற்காலத்தில் அது ஜெருசலேமில் உள்ள ஓர் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்து, 1983 ஏப்ரலில் நூற்றுக்கும் மேற்பட்ட பிற கடிகாரங்களோடு திருடுபோய், இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துத் திரும்பக் கிடைத்தது. அதனிடையே பிரெகே நிறுவனம், பழைய வரைபடங்களையும் ஆவணங்களையும் வைத்துக்கொண்டு, மூலத்தைக் கண்ணால் பார்க்காமலேயே ஒரு பிரதியைச் செய்யத் தொடங்கி, 2008-இல் வெளியிட்டது. ஏலத்தில் விலைபோனவற்றைச் சொல்வதென்றால், அமெரிக்க வங்கியாளர் ஹென்றி கிரேவ்ஸுக்காகப் படேக் பிலிப் 1933-இல் செய்து கொடுத்த 24 காம்ப்ளிகேஷன்கள் கொண்ட கடிகாரம் 2014-இல் ஜெனீவாவில் 2.3 கோடி சுவிஸ் ஃபிராங்குக்கு மேல் போயிற்று. அதன் பின்புற முகப்பில் நியூயார்க்கின் இரவு வானமே சுற்றுகிறது.

ஒன்றைச் சொல்லி முடிக்க வேண்டும். நான்கு ஆண்டை நினைவில் வைத்திருக்கும் இந்தக் கடிகாரங்களில் பெரும்பாலானவை, இரண்டு நாள் சாவி கொடுக்க மறந்தால் நின்றுவிடும். நின்றதை மறுபடி ஓடவிடுபவர் முதலில் முள்ளை நள்ளிரவைத் தாண்டிக் காலை வரை கொண்டுவர வேண்டும். இரவில் நெம்புகோல் சக்கரங்களைப் பிடித்திருக்கும் வேளையில் கூட்டின் ஓரத்தில் உள்ள திருத்தும் பொத்தான்களை அழுத்தினால் கொக்கியோ பல்லோ உடையும். பிறகு லீப் ஆண்டிலிருந்து இது எத்தனையாவது ஆண்டு என்று பார்த்து மாதத்தையும், அதன் பின் தேதி, கிழமை, நிலா ஆகியவற்றையும் வைக்க வேண்டும். மாதப் பொத்தானை அழுத்தும்போது மட்டும் நிதானம் தேவை. தட்டு முன்னோக்கி மட்டுமே நகரும். ஒரு முறை கூடுதலாக அழுத்திவிட்டால், விட்ட இடத்துக்குத் திரும்ப இன்னும் 47 முறை அழுத்த வேண்டும்.